உயிர் போன இடத்துக் கல்

மாசி மாதத்தில் குண்டுமரத்தூர்க்காரர்களுக்குத் தலை சொறியவும் நேரம் இருக்காது. ஆண்கள் புளியமரத்தில் ஏறிக் கிளையை உலுக்குவார்கள், பெண்கள் வாசலில் சாக்கு விரித்து ஓடு தட்டிக் கொட்டை எடுப்பார்கள். ஊர் முழுக்கப் புளிப்பு வாடைதான். அந்தத் திங்கட்கிழமை சின்னதம்பியின் வாசலில் மட்டும் தட்டுகிற சத்தம் இல்லை. அவர் மனைவி சுந்தரம்மாள் காலையிலேயே சாமைச் சோறு பொங்கி, மொச்சைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து, தூக்குவாளியில் அடைத்து மூடிவிட்டாள். மருமகள் ரேணுகாதேவி தலை முழுகி, ஈரக் கூந்தலோடு படலுக்கு வெளியே நின்றாள். சின்னதம்பி மட்டும் சட்டை போடாமல் குந்திக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, ஒக்காந்துகினே கீற? வெயிலு ஏறிச்சின்னா மேல நடக்க முடியுமா?" என்றாள் சுந்தரம்மாள்.

"சட்ட எங்க?"

"கொடியில தொங்குது. கண்ணுக்கு எதுருலதான் தொங்குது."

தொங்கியதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பதினோரு மாதமாக அவருக்கு இப்படித்தான். சோறு போட்டால் தின்பார், உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. கால்விரலில் மண்வெட்டி கொத்தி ரத்தம் ஓடினால், யாராவது சொன்ன பிறகு குனிந்து பார்ப்பார். மகன் செத்த அன்றைக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு வரும், காரியத்தன்று வரும் என்று காத்திருந்தார். வரவேயில்லை. பாவம், மனுஷன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மரத்துப்போய்விட்டான் என்று ஊர் சொன்னது. அவர் மரத்துப்போனது வாஸ்தவம். காரணம் மட்டும் ஊருக்குத் தெரியாது.

ஒரே மகன் விஜயராஜ். அல்லிமடு ஏரிக்கு மேலே இருக்கிற காப்புக்காட்டில் தற்காலிகக் காவலர் வேலை பார்த்தான். போன பங்குனியில் காட்டில் தீப்பிடித்தபோது அணைக்கப் போனவன் மொட்டைப்பாறைச் சரிவில் மாட்டிக்கொண்டான். உடம்பைக் கீழே கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்து, ஊர் இடுகாட்டில் அடக்கம் செய்தாயிற்று. ஆனால் அவர்கள் வகையறாவில் அத்தோடு முடியாது. வீட்டில் சாகாமல் வெளியிடத்தில் செத்தவனுக்கு, வருஷம் திரும்புவதற்குள் உயிர் போன இடத்திலிருந்து ஒரு கல் வர வேண்டும். எடுக்க வேண்டியவன் அப்பன். அவன் குனிந்து, "எங்க கையால ஒரு குத்தமும் இல்ல, எழுந்து வா" என்று மூன்று முறை சொல்லிக் கல்லைத் தூக்குவான். செத்தவன் பெண்டாட்டி முந்தானையில் வாங்கிக்கொள்வாள். தண்ணீரில் கழுவி மாமியார் கையில் கொடுத்துவிட்டால் அந்த வீட்டோடு அவளுக்கு இருந்த பிடி விட்டது. அங்கிருந்தே தாய்வீட்டுக்குப் போகலாம், மனசிருந்தால் வேறு கல்யாணமும் கட்டலாம். கல் வராதவரை செத்தவன் அங்கேயே நிற்பான், அவளும் இங்கேயே நிற்க வேண்டும்.

கையில் குற்றம் உள்ளவன் அந்த வார்த்தையைச் சொன்னால்? கல்தான் வரும், ஆள் வராது என்பார்கள்.

சின்னதம்பியின் கையில் குற்றம் இருந்தது.

அவர் பயிர் வைக்கிற கொல்லை காப்புக்காட்டின் எல்லையை ஒட்டி இருந்தது. பங்குனியில் உண்ணிப்புதரை வெட்டிக் காயப்போட்டு, அமாவாசைக்குள் கொளுத்திவிட்டுத்தான் மழைக்குக் காத்திருப்பது வழக்கம். சாம்பல் விழுந்த மண்ணில் சாமை நன்றாக வரும். "அவசரப்படாதப்பா. ஆபீசுல சொல்லிட்டு, நான் லீவு போட்டுட்டு வர்றேன், ரெண்டு பேருமாக் கொளுத்தலாம்" என்று விஜயராஜ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இவர் கேட்டால்தானே! என் கொல்லையில் நான் கொளுத்த எந்த ஆபீசில் கேட்க வேண்டும் என்று ஒரு வீறாப்பு. ஒண்டியாகப் போய்க் கொளுத்தினார். எல்லையில் நின்ற ஒரு பட்ட வாகைமரத்தின் அடிப்பொந்தில் நெருப்பு நுழைந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார், புகை நின்றது, வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்றாம் நாள் செங்கம் சந்தையில் புளியை இறக்கிவிட்டு ஜீப்பில் திரும்பும்போது, தன் கொல்லைக்கு நேர் மேலே காடு எரிவதைப் பார்த்தார். பார்த்த அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நம்ம கொல்ல நெருப்பு இல்லியே?" என்று சுந்தரம்மாள் அன்றைக்கே கேட்டாள்.

"அது அன்னிக்கே செத்துப்போச்சு" என்றார்.

முதல் நாள் பிணம் கிடக்கும்போது சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் நாள் அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள், பயம் வந்தது. அப்புறம் நாக்கு பழகிவிட்டது. தீயை யாரோ ஊர் சுற்ற வந்தவர்கள் வைத்தார்கள் என்று எழுதி முடித்தார்கள். காட்டை மூடிவைத்துத் தையில்தான் மறுபடி திறந்தார்கள். திறந்ததும் கல் எடுக்க நாள் குறித்தாயிற்று. இதற்கு மேல் தள்ளிப்போட ஒரு சாக்கும் இல்லை. அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஏரிக்கரையில் ரேணுகாவின் அண்ணன் அசோக்குமார் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பு கொண்டுவந்து காத்திருந்தான். பின்சீட்டில் அவளுடைய தகரப்பெட்டி காலையிலேயே ஏறிவிட்டது. "வாங்க மாமா" என்று எழுந்து நின்றான். மேலே வருகிறாயா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. பெண் வீட்டார் கல் எடுக்கிற இடத்துக்கு வருவதில்லை.

காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று இப்போது அங்கே ஒரு வளைவு கட்டி, அதன்மேல் புலி வரைந்து வைத்திருக்கிறார்கள். இந்த மலையில் புலியைப் பார்த்தவன் யார் என்று கேட்கக்கூடாது. பக்கத்துப் பலகையில் செய்யக்கூடாதவை வரிசையாக எழுதியிருந்தது. சத்தம் போடக்கூடாது, தீ மூட்டக்கூடாது, இலை, பூ, கல் எதையும் எடுத்துச் செல்லக்கூடாது. வருகிறவர்களின் பையைச் சோதிக்க ஊர் மகளிர் குழுவிலிருந்து பூவிழியைப் போட்டிருந்தார்கள். பச்சை அங்கி மாட்டியிருந்தாள். பெங்களூர்க்காரக் குடும்பம் ஒன்றிடம் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், இவர்களைக் கண்டதும் குரலை இறக்கினாள்.

"நீங்க போங்கக்கா. தூக்குவாளிய நான் பாக்கல." அப்புறம் தயங்கி, "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பீடி, தீப்பெட்டி ஏதாவது வெச்சிருந்தீங்கன்னா இங்க குடுத்துட்டுப் போணும். யாரா இருந்தாலும் ரூல்சு" என்றாள்.

சின்னதம்பி மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கை நடுங்கவில்லை. அது நடுங்காததுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேலே கூட்டிப்போக மோகன் வந்தான். கணியம்பாடிப் பையன், விஜயராஜோடு நான்கு வருஷம் அதே காட்டில் வேலை பார்த்தவன். சின்னதம்பியை அப்பா என்றும் சுந்தரம்மாளை அம்மா என்றும்தான் கூப்பிடுவான். இந்த வீட்டில் களி தின்ற நாட்கள் அவனுக்கு எத்தனையோ.

பாதை ஏரியை ஒட்டிக் கொஞ்ச தூரம் போய் அப்புறம் செங்குத்தாக ஏறியது. தண்ணீரில் பெடல் போட்டில் இரண்டு பேர் வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். மழை கண்டு நாலு மாதமாகிவிட்டது, சருகு காலுக்கடியில் நொறுங்கியது. மோகன் முன்னால் போய்க்கொண்டே பேசினான். அவனுக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை, மற்ற மூன்று பேருக்கும் பேச ஒன்றுமில்லை.

"இங்கதாம்மா ஒரு வாட்டி கரடி வழி மறிச்சுது. நான் மரத்துல ஏறிட்டேன். விஜி ஏறல. அப்படியே நின்னான். அதுவா போய்டிச்சு. ஏன்டா ஏறலன்னு கேட்டா, 'கரடிக்கு மரம் ஏறத் தெரியும்டா பேமானி'ங்கறான்."

சுந்தரம்மாள் வாயோரம் லேசாக அசைந்தது. "அவுங்க அப்பன் சொல்லிக் குடுத்தது" என்றாள்.

"ஆமாம்மா, எல்லாம் அப்பா சொன்னதுன்னுதான் சொல்லுவான். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, நெருப்பு எப்படி ஏறும், எல்லாம்."

ரேணுகா கடைசியில் வந்துகொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை நின்று, "மோகண்ணா, அன்னிக்கு அவரு தண்ணி குடிச்சாரா?" என்று கேட்டாள்.

"எப்பம்மா?"

"மேல ஏறதுக்கு முன்னாடி. வூட்டுல தண்ணி பாட்டில மறந்து வெச்சிட்டுப் பூட்டாரு."

மோகன் யோசித்தான். "என் பாட்டில்ல குடிச்சான்மா. நல்லாவே குடிச்சான்."

"சரி" என்றாள் அவள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பதினோரு மாதமாகக் காத்திருந்தவள் மாதிரி, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

மொட்டைப்பாறைச் சரிவுக்கு வரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கருகின மரங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். புல் முளைத்து, அதுவும் இப்போது காய்ந்து மஞ்சளாகிவிட்டது. கொஞ்சம் மேலே காட்சிமுனை என்று கம்பி வேலி போட்டிருந்தார்கள், அங்கே கீழே பார்த்த பெங்களூர்க்காரர்கள் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். மோகன் ஒரு பாறை இடுக்கைக் காட்டினான்.

"இங்கதாம்பா."

சின்னதம்பி அந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தார். நேர் கீழே அவருடைய கொல்லை தெரிந்தது. எல்லையில் வாகைமரத்தின் கரிக்கட்டை, அதிலிருந்து ஒரே கோடாக இந்த இடுக்குவரைக்கும் ஏறி வருகிற சரிவு. பதினோரு மாதமாக அங்கிருந்து அண்ணாந்து பார்த்தவர், இங்கிருந்து குனிந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒண்ணுதாம்பா இன்னும் வெளங்கல" என்றான் மோகன். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான். "யாராண்டயும் சொல்லல. ஒங்களாண்ட கேக்கலாம்னு இருந்தேன். நாங்க ரெண்டு பேரும் இங்க வந்து நின்னோம். கீழ பொகை எனக்கே தெரிஞ்சுது. விஜி கொஞ்ச நேரம் கீழயே பாத்துகினு நின்னான். அப்புறம் வாக்கிடாக்கிய எடுத்து, 'தீ மேல காட்சிமுனையாண்ட, டூரிஸ்ட்டு அடுப்பு மூட்டிக்கீறான், எல்லாரையும் மேல அனுப்புங்க'ன்னான். என்னடா, கீழ பொகையுதேன்னு கேட்டேன். 'அது ஒண்ணும் இல்ல, நான் ஒண்டியாப் பாத்துக்கறேன், நீயும் மேல போ'ன்னு தொரத்தி விட்டுட்டான்."

மோகன் தொப்பியை இன்னும் இறுக்கிச் சுருட்டினான்.

"நெருப்பு எங்கேந்து வருதுன்னு அவனுக்குத் தெரியாதாப்பா? எனக்குக் கத்துக் குடுத்தவனே அவன்தான். நாங்க ஏழு பேரு மேல போய் ஒண்ணுமில்லாத எடத்துல தேடிகினு கீறோம். இவன் இங்க ஒண்டியா மண்வெட்டி வெச்சிகினு கீழப்பக்கம் நெருப்பு தாண்டாம தரையச் செதுக்கிகினு கீறான். மூணு பேரு கூட இருந்திருந்தா அவன இஸ்துகினு ஓடியிருப்போம். ஏன்பா அப்பிடிச் சொன்னான்?"

சின்னதம்பிக்கு விளங்கியது. கொல்லையையும் புகைகிற வாகைமரத்தையும் பார்த்தபோதே மகனுக்கு விளங்கியிருக்கிறது. அப்பன்மேல் கேசு வரும் என்று, நெருப்பை மேலே திருப்பிச் சொல்லிவிட்டான். சொன்ன பொய்க்குத் தோதாக ஆட்களையும் மேலே அனுப்பினான். அப்பன் வைத்த நெருப்பைத் தடம் தெரியாமல் அழிக்கத் தான் ஒருவனாகக் கீழே இறங்கினான். அடப்பாவி மகனே, என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நீ இருந்திருப்பாயே! இதை நினைத்தபோதாவது நெஞ்சு வெடிக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். வெடிக்கவில்லை. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"நேரமாவுது. சொல்லிட்டு எடுய்யா" என்றாள் சுந்தரம்மாள்.

ரேணுகா இடுக்குக்கு எதிரில் வந்து நின்று முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். சின்னதம்பி குனிந்தார். இடுக்கில் கையகலக் கல் ஒன்று பாதி மண்ணில் புதைந்து, ஒரு பக்கம் கரியேறிக் கிடந்தது. அதன்மேல் கையை வைத்தார்.

"எங்க கையால..." என்றார். நின்றுவிட்டது.

"எங்க கையால ஒரு குத்தமும் இல்ல" என்று சுந்தரம்மாள் எடுத்துக் கொடுத்தாள், மந்திரம் மறந்தவனுக்குச் சொல்வதுபோல.

அவர் வாயைத் திறந்து மூடினார். சொல்லிவிட்டால் தீர்ந்தது. பதினோரு மாதம் சொன்ன பொய்தானே, இன்னும் மூன்று முறை. மருமகள் போய்ச் சேருவாள், சுந்தரம்மாள் கல்லை நட்டு விளக்கேற்றுவாள், மோகன் இறங்கிப் போய்விடுவான். ஆனால் இவ்வளவு நாள் பொய் சொன்னது உயிரோடு இருக்கிறவர்களிடம். இது அவனிடம். எல்லாம் தெரிந்து செத்தவனிடம்.

"என் கையாலதான்டா" என்றார் சின்னதம்பி. "எழுந்து வா."

சுந்தரம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "இன்னா சொல்ற?"

"நம்ம கொல்ல நெருப்புதான். வாகைமரத்துப் பொந்துல கெடந்திருக்குது. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"செத்துப்போச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"என்னாண்டகூடவா?"

மோகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் அவனுக்கு மெதுவாகத்தான் ஏறியது. ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவிடுவென்று காட்சிமுனைப் பக்கம் நாலு எட்டு போனான். "யாருங்க அது, பாட்டில வேலிக்கு அந்தாண்ட போடறது? அறிவு கீதா இல்லியா? எடுங்க! எடுங்கன்றேன்ல!" என்று காடு அதிரக் கத்தினான். அங்கே யாரும் பாட்டில் போட்டதாகத் தெரியவில்லை.

ரேணுகா முந்தானையை இன்னும் இறக்கவில்லை. இழுத்துப் பிடித்த துணிபோல முகம் வெறுமையாக இருந்தது. அவள் வாங்காமல் போய்விடுவாள் என்று சின்னதம்பி நினைத்தார். அப்படிப் போனால் அது நியாயம்தான் என்றும் நினைத்தார்.

"ஒரு வாட்டிதான் சொன்னீங்க மாமா" என்றாள் அவள். "மூணு வாட்டி சொல்லணும்."

"ரேணுகா..."

"சொல்லுங்க. அவரு கேக்கட்டும்."

"என் கையாலதான். எழுந்து வா."

அவள் காத்திருந்தாள்.

"என் கையாலதான்டா, ராசா. எழுந்து வா."

கல் சுலபமாக வரவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டு நெம்பினார், நகம் ஒன்று பிய்ந்தது. வலித்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக நன்றாக வலித்தது. கல்லைத் தூக்கி முந்தானையில் வைத்தார். ரேணுகா அதன் கனத்துக்குக் கொஞ்சம் குனிந்து, முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்க ஆரம்பித்தாள்.

இறக்கத்தில் மோகன் எல்லாருக்கும் பின்னால் வந்தான். ஏரி கண்ணுக்குத் தெரிந்ததும் சின்னதம்பியின் பக்கத்தில் வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், "அவன் மேலன்னு சொன்னான். நானும் மேலன்னுதான் எழுதிக் குடுத்தேன். அப்பிடியே இருக்கட்டும்" என்றான். அப்பா என்று சேர்த்துச் சொல்லவில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேறு பாதையில் திரும்பிப் போய்விட்டான்.

பூவிழி ரேணுகாவின் இடுப்பில் புடைத்திருந்ததைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "வாங்க, வாங்க, வழி வுடுங்க" என்று வரிசையில் நின்றவர்களைத்தான் ஒதுக்கினாள்.

ரேணுகா ஏரியில் முழங்கால்வரை இறங்கிக் கல்லைக் கழுவினாள். மண் போயிற்று, கரி போகவில்லை. கட்டை விரலால் வெகுநேரம் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் கரையேறி வந்து, சுந்தரம்மாளின் இரண்டு கையிலும் வைத்தாள். மாமியார் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். இத்தோடு முறை முடிந்தது. அசோக்குமார் தலை குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜீப்பைக் கிளப்பினான்.

ரேணுகா ஜீப்புப் படியில் ஒரு கால் வைத்தவள், இறங்கித் திரும்பி வந்தாள். சின்னதம்பி நாலு தப்படி தள்ளி, தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சோற்றை யாரும் தொடவில்லை. தன்னிடம்தான் ஏதோ சொல்ல வருகிறாள், நல்லதோ கெட்டதோ வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

"அத்த, நீயும் வாயேன்" என்றாள்.

ஒரு மருமகள் மாமியாரிடம் கேட்கிற கேள்வியா இது? அசோக்குமாரே ஆவென்று திரும்பிப் பார்த்தான். சுந்தரம்மாள் திகைக்கவில்லை. கல்லில் ஈரம் காய்ந்துகொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத நட்டுட்டு வர்றேன்" என்றாள். "மூணு நாளு வெளக்கு வெக்கணும். வெச்சிட்டு வர்றேன்."

"வியாழக்கெழம அண்ணன அனுப்பட்டுமா?"

"அனுப்பு."

ஜீப்பு போனதும் தூசி அடங்குகிறவரை இருவரும் நின்றார்கள். அப்புறம் சுந்தரம்மாள் ஊர்ப் பாதையில் நடந்தாள். சின்னதம்பி பின்னால் போனார். கல்லை நான் கொஞ்சம் தூக்கி வரட்டுமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. புளிய மரங்கள் வரத் தொடங்கின, யார் வீட்டிலோ ஓடு தட்டுகிற சத்தம் கேட்டது.

"கடப்பாரை எங்க கீது?" என்றாள் அவள், திரும்பாமல்.

"மாட்டுக் கொட்டாயில."

"போனதும் எடுத்துகினு வா. குழிய நீ வெட்டு. கல்ல நான் நடறேன்."

"சரி" என்றார் சின்னதம்பி.